மூன்றாம் நடை

தோப்பூர் வாசிகசாலையில் அன்று படம் முடியவேண்டிய நேரத்தில் முடியவில்லை.

புரொஜெக்டரின் பக்கத்தில் நின்ற கிறிஸ்தோபருக்கு அது உடனே தெரிந்துவிட்டது. எட்டு மில்லிமீற்றர் றீல் ஒன்று மூன்று நிமிடமும் இருபது செக்கனும் ஓடும். இந்த றீலின் நடுவில் ஒரு பகுதியை அவனே வெட்டி எடுத்திருந்ததால் இது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடவேண்டும். மூதூரில் அப்படித்தான் ஓடியது. ஈச்சிலம்பற்றிலும் அப்படித்தான். முதலில் ஆலடித்துறை ஜெற்றி என்ற மரப் படகுத்துறையின் உக்கிப்போன பலகைகள், பிறகு கைக்குழந்தைகளோடு தடுமாறி லாஞ்சில் ஏறும் பெண்கள், அதன் பிறகு தோளில் நெல்மூட்டையோடு கரையிலிருந்து லாஞ்சை நோக்கி நடந்துபோகும் ஸெய்னுதீனின் முதுகு, பலகை முறிதல், கறுத்த ஓட்டை, வெள்ளைத் திரை. தோப்பூரில் பலகை முறியவில்லை. ஸெய்னுதீன் நடந்து ஜெற்றியின் முனைக்கே போய்ச் சேர்ந்தார். பிறகு கரையிலிருந்து இன்னொரு முறை நடந்தார். அப்போதுதான் முறிந்தது.

சனம் அழுதது. எல்லா ஊரிலும் அந்த இடத்தில்தான் அழுவார்கள்.

சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது அன்ஸாரிடம் கேட்டான். அன்ஸார் மூதூரில் ஆசிரியர். புது ஜெற்றி கேட்டு மனுக்கொடுக்கும் கமிற்றியின் செயலாளர்.

"இண்டைக்கு ரெண்டு தரம் நடந்தவர். கவனிச்சீங்களா?"

"ஆரு?"

"ஸெய்னுதீன் காக்கா."

அன்ஸார் மனுத்தாள்களைச் சுருட்டி றப்பர் வளையம் போட்டார். "நான் படத்தப் பாக்கிறதில்ல, கிறிஸ்தோபர். படத்தப் பாக்கிற ஆக்களத்தான் பாக்கிறனான். தோப்பூரில மட்டும் முன்னூறு கையெழுத்து. அந்த மனிசன்ட மவுத்து வீண்போகல்ல."

கிறிஸ்தோபர் ஜீப்பின் முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

அவன் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன கமராவும் புரொஜெக்டரும் அவன் கைக்கு வந்து நாலு வருடம். தண்ணீர்க்குழாய்க்கு வரிசையில் நிற்கும் சனம், கூரையில்லாத பள்ளிக்கூடம், தோணிக்காரரின் மறியல் என்று மூன்று மூன்று நிமிடப் படங்களாக எடுத்து, கோயில் வளவிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினான். சனம் தங்களைத் திரையில் கண்டு சிரித்தது, ஒருவரையொருவர் விரலால் காட்டியது, எழும்பி வீட்டுக்குப் போனது. ஒன்றும் மாறவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு பங்குனியில் ஆலடித்துறை ஜெற்றியைப் படமெடுக்கப் போனான். உச்சி வெயில். லாஞ்சுக்குள் இருந்த சனத்திடம் அன்ஸார் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கரையில் மூட்டை தூக்கும் ஸெய்னுதீன் மட்டும் பீடி பற்றவைத்தபடி குந்தியிருந்தார். அவருக்கு அன்று வேலை முடிந்துவிட்டது. கிறிஸ்தோபர்தான் கேட்டான், மூட்டையோடு ஒருக்கா நடக்கச் சொல்லி. அவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு நடந்தார். மூட்டை சிறிதாகத் தெரிந்தது. கரையிலிருந்த கடையடியில் கிடந்த முழு நெல்மூட்டையைத் தூக்கச் சொல்லி இரண்டாம் முறை நடக்கவைத்தான். அவர் ஜெற்றியின் ஓரமாக, நல்ல பலகைகளாகப் பார்த்துக் கால்வைத்தார். அது படத்துக்குச் சரிவரவில்லை.

"நடுவால நடங்க காக்கா. உக்கின பக்கமாப் போங்க."

அவர் சிரித்தார். நடுவால் நடந்தார்.

பலகை முறிந்த சத்தம் அவ்வளவு பெரிதல்ல. ஆள் போனார், மூட்டை அவருக்கு மேலே போனது. லாஞ்சிலிருந்து ஆட்கள் பாய்ந்து ஓடிவந்தார்கள். கிறிஸ்தோபர் ஓடவில்லை. கமராவைக் கண்ணிலிருந்து இறக்கவும் இல்லை. றீல் முடியும்வரை, முப்பது செக்கனுக்கு மேல், அந்த ஓட்டையையே எடுத்துக்கொண்டு நின்றான்.

றீல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, கழுவப்பட்டுத் திரும்பிவர இரண்டு மாதமானது. வந்த அன்றே முதல் இரண்டு நடைகளையும் வெட்டிக் குசினி அடுப்பில் போட்டான். மிஞ்சியதில் ஏழை மனிதன் ஒருவன் தன் பிழைப்புக்காக நடந்து செத்துப்போனான். கிறிஸ்தோபர் எடுத்த படங்களில் ஆட்கள் அழுதது இதற்கு மட்டும்தான்.

தோப்பூரிலிருந்து வந்த மறுநாள் பகல், லிங்கநகர் வீட்டில் அறைக்கதவைச் சாத்தி, யன்னலுக்குப் போர்வை கட்டி, றீலைத் தரையில் விரித்து அடிமட்டத்தால் அளந்தான். வெட்டியபோது மிஞ்சிய அதே முப்பத்துநாலு அடி. ஒட்டிய இடம் ஒன்றுதான், அதுவும் அவன் ஒட்டியபடியே இருந்தது. மனம் கொஞ்சம் லேசானது. களைப்பில் தனக்குத்தான் கண் பிசகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு றீலைப் புரொஜெக்டரில் பூட்டிச் சுவரில் ஓட்டினான்.

போர்வையின் ஓரத்தால் கசிந்த வெயிலில் தூசு மிதந்தது. குசினியில் மனைவி இன்பமலர் மீன் பொரிக்கும் சத்தமும், வெளியே மிதிவண்டி மணியும், பற்சக்கரத்தில் றீல் விழும் கடகடப்பும் ஒன்றாகக் கலந்திருந்தன. சுவரில் ஸெய்னுதீன் நடந்தார். முனைக்குப் போனார். மறுபடி கரையிலிருந்து நடந்தார். மறுபடி. நாலாம் முறை நடந்தபோது அவருடைய சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஐந்தாம் முறை இடுப்புவரை. அவர் நடந்தது மூன்றே முறை. மூன்று முறைக்கு மேல் அவன் எடுத்ததேயில்லை. ஆறாம் முறை மூட்டையிலிருந்து தண்ணீர் வழிந்தது, பலகைகளின்மேல் கரிய சுவடு விழுந்தது, அவர் முன்னையைவிட மெதுவாக, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து, நடுவால் நடந்தார்.

பலகை முறிந்தது. நேரத்தைப் பார்த்தான். ஆறு நிமிடம்.

முப்பத்துநாலு அடி. ஆறு நிமிடம்.

கதவைத் திறந்துகொண்டு இன்பமலர் தலையை நீட்டினாள். "என்ன மணம் இது? நனைஞ்ச சாக்கை ஆர் வீட்டுக்குள்ள கொண்டந்தது?"

"ஒருத்தரும் இல்ல."

"நெல்லு ஊறின மணம் வருது."

அவன் புரொஜெக்டரை நிறுத்தினான். அவள் போனபிறகும் அங்கேயே நின்றான். தீப்பெட்டி மேசையில் கிடந்தது. இந்த றீலுக்குப் பிரதி இல்லை. அடுத்த மாதம் அதிகாரிகள் படத்தைப் பார்க்க வருகிறார்கள். புது ஜெற்றி வந்தால் எத்தனையோ உயிர் தப்பும். காரணங்கள் எல்லாம் நியாயமாக இருந்தன. ஆனால் தீக்குச்சியை உரசாமல் அவன் கையைத் தடுத்தது அவை அல்ல என்பது அவனுக்குத் தெரியும். தோப்பூரில் படம் முடிந்ததும் ஒரு கிழவர் வந்து அவனுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அந்தச் சூட்டைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ஸார் கந்தோர் வாசலுக்கே வந்தார்.

"மைமூனா ராத்தா படம் பாக்கணுமாம்."

ஸெய்னுதீனின் மனைவி. கிறிஸ்தோபர் அவளைக் கண்டதில்லை.

"அவ பாக்கக்கூடாது அன்ஸார். எப்பிடிப் பாப்பா?"

"நானும் சொன்னனான். 'ஊரெல்லாம் பாத்திரிக்கு. நான் மட்டும்தான் பாக்கல்ல' எண்டு கேக்கிறா. என்னத்தச் சொல்ற? இத்தா முடியல்ல, வெளியில வர ஏலாது. நாமதான் கொண்டுபோகணும். ஞாயிறு லுஹர் தொழுகைக்குப் பிறகு."

"எனக்கு ஏலாது."

அன்ஸார் அவனைப் பார்த்தார். "அவவுக்கு இல்லாம ஆருக்குக் காட்ட எடுத்த படம் இது?"

ஆலடித்துறையில் மைமூனாவின் வீடு அந்தக் கரைக்கடைக்குப் பின்னால் இருந்தது. ஒரு முன்னறை, ஒரு உள்ளறை. கடையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் எடுத்தார்கள். வயரின் இணைப்பு கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள அன்ஸார் கடையடியிலேயே நின்றுகொண்டார். புருஷன் இறந்து நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் பெண் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது என்பதால், உள்ளறை வாசலை மூடி மைமூனாவின் தம்பி லாபிர் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தான். அதுவே மறைப்பு, அதுவே திரை. கிறிஸ்தோபர் இந்தப் பக்கமிருந்து ஓட்டுவான்; அவள் அந்தப் பக்கமிருந்து, துணியின் ஊடாகத் தெரியும் படத்தைப் பார்ப்பாள்.

"உள்ளுக்கு வேற ஆரும் இருக்கினமா?" என்று கேட்டான்.

"இல்ல. மகள் அசனாவ மாமி வீட்ட அனுப்பிட்டா. தனியப் பாக்கணுமாம்." லாபிர் கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "எனக்குப் பாக்க ஏலாது. நீங்க ஓட்டுங்க."

கதவையும் யன்னலையும் சாத்தியதும் முன்னறைக்குள் கூரைத்தகரத்தின் வெக்கையும், சாம்பிராணியும், கடையிலிருந்து வந்த கருவாட்டு மணமும் அடைந்து நின்றன. துணிக்குப் பின்னால் பாய் சரசரத்தது. யாரோ மெதுவாக உட்கார்ந்தார்கள்.

"போடுங்க தம்பி," என்றாள். சின்னக் குரல்.

போட்டான்.

பலகைகள். பெண்கள். லாஞ்ச். பிறகு ஸெய்னுதீனின் முதுகு, மூட்டை, நடை. முனை.

"இது அவர்ட நடைதான்," என்றாள்.

மறுபடி கரையிலிருந்து. மறுபடி. கிறிஸ்தோபர் எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். நாலு. ஐந்து. சாரம் நனைந்தது. ஏழு. நெஞ்சுவரை நனைந்தது. ஒன்பது. தலைமயிரிலிருந்து ஒழுகியது.

"என்னத்துக்குத் தம்பி இவர் திரும்பித் திரும்பி நடக்கிறார்?"

இதுவரை எந்த ஊரிலும் யாரும் இதைக் கண்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஒருமுறைதான் நடந்தார்.

"ஆரு இவர நடக்கச் சொல்றது?"

லாபிர் அசையவில்லை. முகத்தைக் கைகளில் புதைத்தபடியே ஏதோ ஓதிக்கொண்டிருந்தான்.

"ராத்தா," என்றான் கிறிஸ்தோபர். "நிப்பாட்டட்டா?"

"வேணாம். முகம் நல்லாத் தெரியுது. நாலு மாசமாக் காணாத முகம்."

அவன் திரையைப் பார்த்தான். முதுகு. அவன் எடுத்தது முதுகை மட்டும்தான். முகம் ஒரு இடத்திலும் இல்லை. இந்தப் பக்கத்தில் அவர் தூரப் போய்க்கொண்டிருந்தார், சிறுத்துக்கொண்டே, ஜெற்றியின் முனையை நோக்கி.

"கிட்ட வாறார்," என்றாள் மைமூனா.

சுவிச்சைத் தட்டினான். நிற்கவில்லை. வயரை இழுத்தான். பிளக் கையோடு வந்தது. பற்சக்கரம் சுழன்றது. ஸெய்னுதீன் முனையைத் தாண்டினார். பலகை முடிந்த இடத்துக்கு அப்பாலும் நடந்தார். ஒரு புள்ளியானார். இல்லாமல் போனார்.

றீல் முடிந்தது. வால் சுழன்று சுழன்று தகரத்தில் அடித்தது. வெள்ளைத் துணி. வெறும் வெளிச்சம்.

துணிக்குப் பின்னால் பலகை ஒன்று அழுந்தும் சத்தம். அந்த வீட்டின் தரை சாணி மெழுகிய மண்.

இன்னொன்று.

இன்னொன்று.

பிறகு துணியில் நிழல் விழுந்தது. கீழே, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில், நின்றபடி, தோளில் பெரிய பாரத்தோடு வளைந்த ஓர் ஆள். வெளிச்சம் இந்தப் பக்கத்தில். நிழல் விழ அந்தப் பக்கத்தில் விளக்கேதும் இல்லை. சொட்டும் சத்தம் கேட்டது. சீராக. பெண்ணின் நிழல் தலையை உயர்த்தியது. வெகுநேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

நெல் ஊறிய மணம் அறையை நிறைத்தது.

"தம்பி." குரலில் பயமில்லை. அழுகையுமில்லை. "இவர் உங்களிட்டக் கேக்கச் சொல்றார். மூட்டைய இனி இறக்கலாமா எண்டு."

கிறிஸ்தோபர் வாயைத் திறந்தான். சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருந்தது. காற்று மட்டும் வந்தது.

ஆளின் நிழல் காத்து நின்றது. பிறகு பெரிதானது. துணிக்குக் கிட்ட வந்தது. துணியின் அடியால் உப்புத்தண்ணீர் கசிந்து, முளைவிட்ட நெல்மணிகளைத் தள்ளிக்கொண்டு, மெழுகிய தரையில் அவன் கால்வரை வந்தது. ஆள் தோள் உயரத்தில் துணி மெல்ல இந்தப் பக்கம் புடைத்தது. உருண்டு, கனத்து, சாக்கின் தையல்கூடத் தெரியும்படி புடைத்தது. ஈரம் அங்கிருந்து நாலா பக்கமும் பரவியது. கட்டியிருந்த கயிறு முறுகியது. அதற்குப் பக்கத்தில், சற்று உயரத்தில், நனைந்த துணி ஒரு முகத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. வாயிருந்த இடத்தில் துணி உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.