பழைய கடனில் ஒரு புதுக் கையெழுத்து

செல்ஃபோன் அலறியது!

செல்வாம்பாள் தலையில் கலவைச் சட்டி. கால் சாரத்துப் பலகையில். கீழே பன்னிரண்டு அடி வெறுங்காற்று.

இடுப்பில் சொருகிய ஃபோன் விடாமல் அலறியது.

"எம்மா, எடுத்துத் தொல! இல்ல அத்துப் போடு! கலவ காயுது!" மேலேயிருந்து கத்தினார் தெய்வநாயகம் மேஸ்திரி.

சட்டியை இறக்கினாள். எடுத்தாள்.

"செல்வாம்பாளா?"

கரகரத்த ஆண் குரல். சாக்குப் பைக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"ஆமா... யாரு?"

"உன் எமன்! பேரு விஜய். அன்னபட்சி ஃபைனான்ஸ் வசூல். ரெண்டாயிரத்துப் பதினெட்டுல வாங்கின நாப்பத்தெட்டாயிரம், இன்னிக்கு வட்டியோட ஒண்ணேகால் லட்சம்!"

"நான் வாங்கலன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"வாங்கலன்னு சிபில்ல ஆட்சேபம் வேற போட்டிருக்கியாமே! மண்ணு தூக்குறவளுக்கு சிபிலு கேக்குதா?"

"மண்ணு தூக்கித் துன்றேன். உன்ன மாதிரி ஊர மெரட்டித் துன்னல."

"வாயி நீளுதே... வாட்ஸ்அப்பப் பாரு. ரெண்டு படம் வரும். ஒண்ணு உன் கடன் பத்திரம். இன்னொண்ணு உன் பொண்ணு!"

செல்வாம்பாள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாயங்காலம் ஆறு மணி. அதுக்குள்ள மூலக்குளம் அபி ஜெராக்ஸுக்குப் போயி, கடன ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டிருக்கணும். இல்ல... படத்துல இருக்கிறது நெசமாயிடும்!"

குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு கண்டக்டர் கத்தினான். "வில்லியனூர்... வில்லியனூர்... ஏறு, ஏறு!"

ஃபோன் செத்தது.

முதல் படம் வந்தது.

சிந்துஜா! அவள் பெற்ற ஒரே மகள். நர்சிங் காலேஜ் விண்ணப்பத்துக்கு எடுத்த போட்டோ. நெற்றியில் பொட்டு, இரட்டைச் சடை. தலைக்கு மேலே கறுப்புக் கட்டத்தில் கொட்டை எழுத்து.

'கண்ணீர் அஞ்சலி.'

கீழே நாளைய தேதி!

சாரக் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கழி ஆடியது. இல்லை, ஆடியது அவள்தான்.

நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். பேங்கில் கல்விக்கடன் தருவார்கள். ஆனால் புருஷன் இல்லாத வீடு, தாயும் சேர்ந்து கையெழுத்து போட வேண்டும். தாயின் பேரிலோ, சிபில் என்கிற கடன் பதிவேட்டில், ஏழு வருஷத்துக் கடன் ஒன்று சுவரில் ஈரம் மாதிரி ஊறிக் கிடந்தது. வாங்காத கடன்!

கல்விக்கடன் கேட்டுப் போன அன்றைக்கே பேங்க் கார்குழலி மேடம் சொன்னாள்.

"ஆட்சேபம் போடுங்க. முப்பது நாளைக்குள்ள அவங்க பத்திரத்தக் காட்டணும். காட்டலன்னா அந்த வரிய அழிச்சாவணும். ஒண்ணு ஞாபகம் வெச்சிக்குங்கம்மா... இத்தினி வருஷம் ஆன கடனுக்குக் கோர்ட்டுக்குப் போயும் புண்ணியமில்ல. ஆனா பயந்துபோயி 'கட்டுறேன்'னு எழுதிக் கையெழுத்து போட்டீங்க... செத்த பாம்புக்கு நீங்களே உசுரு குடுத்த மாதிரி!"

இன்று புதன்கிழமை. இருபத்தொன்பதாம் நாள்.

இரண்டாவது படம் வந்தது.

பத்திரம். தேதி 2018. அடியில் கையெழுத்து.

செல்வாம்பாள் எழுத்துக் கூட்டினாள். செங்கல் அடுக்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக.

"செ... ல்... வா... ம்... பா..."

கண் கடைசி எழுத்தில் நின்றது.

நின்றது நின்றபடியே நின்றது!

"மேஸ்திரி, அர நாள் லீவு!"

"சம்பளமும் அரதான்!"

"முழுசா என்னிக்குக் குடுத்த?"

சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். போகிற வழியில் ஓரிடத்தில் முக்கால் மணி நேரம் நின்றாள்.

எங்கே என்பது பிறகு!

*

மணி நாலரை.

மூலக்குளம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி 'அபி ஜெராக்ஸ்'. வாசலில் பலகை. 'ஆதார், பென்ஷன், பான் கார்டு. சிபில் ஸ்கோர் சரி செய்து தரப்படும்.'

கடைக்காரர் கலியமூர்த்தி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாயில் எப்போதும் 'தங்கச்சி'. முன்னே அன்னபட்சியில் வேலை பார்த்தவர்தான். 2018-ல் 'லோன் தர்றோம்' என்று தெருத் தெருவாக, செல்வாம்பாளிடமும், ஆதார் ஜெராக்ஸ் வாங்கிப் போனார். லோனும் வரவில்லை. ஜெராக்ஸும் திரும்பவில்லை.

மெஷின் பக்கத்தில் ஒரு சுடிதார்ப் பெண், கையில் கத்தைக் காகிதத்தோடு நின்றிருந்தாள்.

"வா தங்கச்சி! என்னா மொகமெல்லாம் சிமெண்டு? உக்காரு."

"அண்ணே... விஜய்னு ஒருத்தன் ஃபோன் பண்ணி என் பொண்ணக் கொல்லுவேன்றாண்ணே!"

"தெரியும், தெரியும். எங்கிட்டயும் குதிச்சான். மொரட்டுப் பய. நான்தான் சாயங்காலம் வரைக்கும் பொறுடான்னு அமுக்கி வெச்சிருக்கேன்."

"நான் கடனே வாங்கலண்ணே!"

"பத்திரத்துல உன் கையெழுத்து இருக்குதே தங்கச்சி! இல்லன்னு சாதிச்சா மோசடி கேஸு. களி திங்கணும். பொண்ணு காலேஜு போவுமா, ஜெயிலுக்கு மனு போட்டுப் பாக்க வருமா?"

கேட்டுக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

"எல்லாம் அடிச்சி வெச்சிருக்கேன். 'பழைய கடனை ஒத்துக்கொள்கிறேன். மாதம் இரண்டாயிரம் கட்டுகிறேன்.' ஒரே கையெழுத்து. ஸ்கோரு ஜிவ்வுன்னு ஏறும்!"

"ஏறுமாண்ணே?"

"சாரத்துல நீ ஏறுவியே, அந்த மாதிரி!"

"நான் ஏறுனா சட்டியோட எறங்குவேண்ணே."

"பேச்சுக்குக் கொறச்சல் இல்ல. போடு."

பேனாவை நீட்டினார். செல்வாம்பாள் வாங்கவில்லை. இடதுகைக் கட்டைவிரலைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள்.

"ஸ்டாம்ப் பேடு குடுண்ணே."

"எதுக்கு?"

"வெரல் வெக்கத்தான். எனக்கு ஏது கையெழுத்து? நான் கைநாட்டு."

கலியமூர்த்தி சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"பத்திரத்துல இருக்கிற மாதிரியே வேணும். கையெழுத்தா போடு."

"சத்தியமா வராதுண்ணே."

"வெளையாடாத தங்கச்சி."

"எழுத்தே தெரியாதுண்ணே எனக்கு."

"நடிக்காதடி!"

தங்கச்சி செத்தாள். 'டி' பிறந்தது!

"விதவை பென்ஷன் ஃபாரத்துல, இதே மேசையில, நாக்கத் துருத்திக்கிட்டுக் கா மணி நேரம் போட்டியே, அது என்னா, கோலமா?"

"அதுவா... எப்பண்ணே அது? மறந்துட்டேன்."

"ரெண்டாயிரத்து இருவத்திமூணுடி! 'சாயங்காலக் கிளாஸ்ல கத்துக்கினேன், மொதக் கையெழுத்து உங்க கடையிலதாண்ணே'ன்னு பல்ல இளிச்சிக்கினு சொன்ன! எனக்கா ஞாபகம் இல்ல?"

தலைக்கு மேலே ஃபேன் கிறீச்சிட்டது.

செல்வாம்பாள் மெல்லக் கேட்டாள்.

"மொதக் கையெழுத்து இருவத்திமூணுல... அப்ப பதினெட்டுல போட்டது யாருண்ணே?"

கலியமூர்த்தியின் கை மேசைமேல் எதையோ தேடியது.

"அ... அது..."

"அன்னிக்கு ஒரு தப்புப் பண்ணேன். கடைசியில பெரிய 'ள' போடணும். சின்ன 'ல' போட்டுட்டேன். செல்வாம்பால்! பேரு ஒத்துப் போவலன்னு ஆபீஸ்ல ஃபாரத்த மூஞ்சியில வீசுனாங்க. எரநூறு தரம் எழுதிப் பழகுனேன். அப்புறம் அந்தத் தப்பு என் கையில வந்ததே இல்ல. அந்த 'பால்' ஒரே ஒரு ஃபாரத்துல இருக்குது. அதோட ஜெராக்ஸு ஒரே ஒரு கடையில இருக்குது. உன் பத்திரத்துலயும் அதே 'பால்'!"

சரக்!

காகிதம் வெட்டுகிற கத்தி கலியமூர்த்தி கையில் மின்னியது!

"போட்றி கையெழுத்த! இல்ல... அந்தக் கண்ணீர் அஞ்சலிய இப்பவே நூறு காப்பி அடிப்பேன்!"

"கண்ணீர் அஞ்சலியா? கொல்லுவேன்றான்னுதானே சொன்னேன்? அஞ்சலிப் படத்தப் பத்தி நான் வாயத் தொறக்கவே இல்லியேண்ணே!"

கத்தி அந்தரத்தில் நின்றது.

வெளியே பஸ் வந்து நின்றது. "வில்லியனூர்... வில்லியனூர்... ஏறு, ஏறு!"

காலையில் ஃபோனில் கேட்ட அதே குரல்!

சுடிதார்ப் பெண் காகிதங்களை மெஷின் மேல் வைத்தாள். தன் செல்லில் ஒரு எண்ணைத் தட்டினாள்.

ட்ரிங்... ட்ரிங்...

கலியமூர்த்தியின் இழுப்பறைக்குள் ஒரு ஃபோன் அலறியது!

அவள் இழுப்பறையை இழுத்தாள். மடித்த கைக்குட்டை சுற்றிய பழைய ஃபோன்.

"எமன் இதுக்குள்ளதான் குடியிருக்கானா? வணக்கம் விஜய் சார்! கத்தியக் கீழ போடுங்க."

"நீ... நீங்க யாரு?"

"சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரி. ஜெராக்ஸ் எடுக்க வந்தேன். ஒரிஜினலே கெடச்சிடுச்சி!"

கத்தி விழுந்தது. வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் குதித்தார்கள்.

செல்வாம்பாள் மத்தியானம் முக்கால் மணி நேரம் நின்ற இடம், ஸ்டேஷன்!

"அந்த ஆதார் ஜெராக்ஸ வெச்சி எத்தினி பேரு தலையில கடன் ஏத்தின?" சிவசங்கரி கேட்டாள். "கம்பெனிக்குள்ள ஆளப் புடிச்சி, கையெழுத்தே இல்லாம பணத்த உருவிட்ட. இப்ப இந்தம்மா ஆட்சேபம் போட்டதும் கம்பெனி பத்திரத்தக் கேக்குது. அவசரத்துக்கு ஒண்ணு சமைச்சிட்ட. அப்படித்தான?"

கலியமூர்த்தி நெற்றியைத் துடைத்தார். சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

செல்வாம்பாள் பேங்குக்கு ஃபோன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"எஃப்.ஐ.ஆர். காப்பியோட நாளைக்குக் காலையிலேயே வாங்கம்மா," என்றாள் கார்குழலி. "மேனேஜர்கிட்ட நானே பேசுறேன். வெள்ளிக்கிழமை காலேஜுக்குப் பணம் போயிடும். பத்திரம் பொய்யின்னு ஆனப்புறம் அந்த வரி சிபில்ல எங்க நிக்கும்?"

இருபத்தொன்பது நாளில் முதல்முறையாகச் செல்வாம்பாள் மூச்சை முழுசாக விட்டாள்.

புகார்த் தாளை நீட்டினாள் சிவசங்கரி. "பேரப் பாத்து எழுதுங்கம்மா."

செல்வாம்பாள் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். கடைசி எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகவே போட்டாள்.

விலங்கு மாட்டிய கையோடு ஜீப்பில் ஏறிய கலியமூர்த்தி திரும்பிக் கத்தினார்.

"ஏண்டி, போயும் போயும் ஒரே ஒரு 'ள'... அதுக்காவா என்ன உள்ள தள்ற?"

செல்வாம்பாள் பேனாவை மூடினாள்.

"ஒண்ணு எங்கண்ணே பத்தும்? 'உள்ள'ன்னு எழுதவே ரெண்டு 'ள' வேணும்!"