கடலைப் பார்த்து நின்ற கல்

உளிச் சத்தம் கேட்டது. ஆனால் கல் கொத்துகிறவர்கள் மத்தியானமே ராதாபுரம் பஸ் ஏறிவிட்டதைச் சிவசண்முகம் கண்ணால் பார்த்திருந்தார்.

நாளைக் காலை திறப்பு விழா. கடலுக்கு மேலே செம்மண் மேட்டின் விளிம்பை ஒட்டியே போகும் நடைபாதை. வழிநெடுக ஆளுயரக் கற்கள், எல்லாவற்றிலும் ஐயம்பெருமாளின் கவிதை. பாளையங்கோட்டையில் ஒரே டீயைப் பாதிப் பாதி குடித்துக் கவிதை எழுதிய இரண்டு பேரில் ஒருவர் செத்துப் பாதையாகிவிட்டார். உயிரோடு இருப்பவருக்கு வாழ்த்துரையில் ஐந்து நிமிடம். சிவசண்முகத்துக்கு வயிறு எரிந்தது. இதில் பாதி வரிகள் அவர் திருத்திக் கொடுத்தவை.

கடைசிக் கல் மட்டும் வெறுமையாக இருந்தது. அதையாவது தனக்குத் தரும்படி வெட்கத்தை விட்டு விழாக் குழுவில் கேட்டிருந்தார். "பாப்போம் அண்ணாச்சி" என்றார்கள். இப்போது சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

அதிலும் அவன் பெயரா?

வேகமாக நடந்தார். வெளிச்சம் மங்க மங்க, உப்புக்காற்றும் கருவாட்டு வாடையும் கலந்து வீசிய அந்த மேட்டில், ஐயம்பெருமாள் எந்நேரமும் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலத்தின் நெடியும் மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. அவன் செத்த அன்று வீடு முழுக்க இருந்த அதே நெடி. எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை. பொறாமையில் புத்தி பேதலித்து, தினமும் அவனிடம் சொல்வதுபோலவே பிணத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "வாரேன்வே."

"என்ன அண்ணாச்சி, இங்கன நின்னு அப்படிச் சொல்லலாமா?" என்று அவன் மனைவி இசக்கியம்மா பதறினாள்.

"வாய் தவறிட்டும்மா."

டக். டக்.

கடைசிக் கல். யாருமில்லை. எழுத்து வெட்டும் முகம் கடலைப் பார்த்திருந்தது. படிக்க வேண்டுமென்றால் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் இறங்கி நிற்க வேண்டும். நின்றார். சத்தம் நின்றது.

அரையிருட்டில் விரலால் தடவினார். சி... வ... ச... அவர் பெயர்! சந்தோஷத்தில் கண் கலங்கியது. விரல் கீழே இறங்கியது. ஒரே வரி.

வாரேன்வே.

கல்லுக்கு மேலிருந்து யாரோ ஊதினார்கள். எழுத்துத் தூசி கண்ணில் விழுந்தது. தைல நெடி.

"பைய வாரும்வே."

கல்லின் உச்சியைப் பத்து விரல்கள் பிடித்திருந்தன. நகக்கண்களில் வெள்ளைத் தூசி. கல் அவர் பக்கம் சாய்ந்தது.