தாங்கி சொன்ன எண்

காலை ஒன்பதரை மணிக்கு என் கீழுதட்டில் தூண்டில் முள் ஏறியது. மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட்டேன். உதட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் அங்கே ஒரு கீறல்கூட இருக்காது என்பது மூன்று குளிர்காலமாக எனக்குத் தெரியும். இரண்டடி தள்ளி, உறைந்த ஏரியில் துளைத்த குழிக்கு மேல் குனிந்து, அவினாசியப்பன் தூண்டில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். கோவைக்காரர், நாற்பதைத் தொடாதவர். கனடாவின் வடக்கே இருக்கும் அந்த வனவிடுதியில் அந்த வாரம் எட்டு விருந்தினர்கள், எட்டு தாங்கிகள். அவருக்கு நான்.

“எத்தனைங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு சார்.”

“ரெண்டுதானுங்களா? பெரிய மீனாட்டத் தெரியுதுங்களே!” என்று சந்தோஷப்பட்டு, மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் இரண்டு என்று பதிந்தார். உண்மையில் அது நாலு. தாங்கிகள் எட்டுப் பேரும் பாதியாக்கித்தான் சொல்வோம். வலி பத்துக்கு ஏழைத் தாண்டினால் மருத்துவர் வருவார், நரம்பைச் சோதிப்பார், அந்தக் குளிர்காலம் செல்லாது என்று எழுதிவிட்டுப் போவார். பிறகு முதலிலிருந்து இன்னொரு குளிர்காலம். அந்தப் பயத்தில் ஆரம்பித்து, பிறகு பாதி எண்ணே நாக்கில் பழகிவிட்டது. பல் வலித்தால்கூடப் பாதிதான் சொல்வோம்.

மீன் மேலே வந்து பனியில் விழுந்து துள்ளியது. என் விலாவுக்குள் காற்று தீர்ந்தது. மீனை எடுத்ததும் மண்டையில் கட்டையால் ஒரே அடி அடித்து முடித்துவிட வேண்டும். முடிக்க மறந்தால் தாங்கி விரல் முட்டியால் மூன்று முறை தட்டலாம். சட்டத்தில் இல்லாத, விடுதி வழக்கம் அது. நான் தட்டினேன். அவர் மீனைப் படம் எடுத்தார். மறுபடி தட்டினேன். மனைவிக்குப் படத்தை அனுப்பினார். மூன்றாவது முறை தட்டியபோது என் கண்ணில் நீர் உறைந்திருந்தது.

“அடடே, மறந்தே போச்சுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுக் கட்டையை எடுத்தார். மூன்று அடி தேவைப்பட்டது. மரியாதையில் மட்டும் அந்த மனிதரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மறுவலிச் சட்டம் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. எல்லோர் பிடரியிலும் அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கும். நாற்பது அடிக்குள் உங்களால் ஓர் உயிரின் நரம்பு துடித்தால், அதே இடத்தில் உங்களுக்கும் துடிக்கும். அவ்வளவுதான் சட்டம். அதற்குப் பிறகு போலீஸ் தடி தேவைப்படவில்லை, சிறை தேவைப்படவில்லை. போர் நின்றது. கறிக்கடை மூடியது. வீட்டுக்குள் பெண்டாட்டியை அடிப்பது நின்றது. அதற்காக மட்டுமே அந்தச் சட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் மனிதனுக்கு விடுமுறை வேண்டுமே! ஒரு வாரமாவது மீனைக் குத்தி இழுக்க வேண்டும், நாயை விரட்டிப் பந்தயம் ஓட வேண்டும், கை நமநமவென்று இருக்கிறது. வலியை அணைக்கச் சட்டம் விடாது. அது யாரிடமாவது இறங்கியே தீர வேண்டும். யாரிடம் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் வலிமாற்று அனுமதி. இறங்குகிற இடத்துக்குப் பெயர் தாங்கி.

தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மேட்டு நிலத்தில் குடியேற வரிசை நீண்டுகொண்டே போனது. மூன்று குளிர்காலம் தாங்கியாக இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்கள். கோடையிலும் ஊருக்கு விடமாட்டார்கள். ஐந்து வயது மகள் ரோஸ்லினை, மேட்டு நிலத்தில் முன்பே இடம் கிடைத்த தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது அவளுக்கு எட்டு.

“எம்மா, எப்பம்மா வருவ?” என்று அன்று மாலை திரையில் கேட்டாள்.

“புதங்கெழம ஏறுதேன் புள்ள. இன்னும் நாலு நாளுதான்.”

“நெசமாவா ஜெசிந்தா?” என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தாள். முன் பல் இரண்டு விழுந்து முளைத்திருந்தன. அவை விழுந்தபோது நான் இல்லை. அந்த நினைப்பு தூண்டில் முள்ளைவிட ஆழமாக ஏறியது.

மறுநாள் ஞாயிறு, நாய்ப் பந்தயம். நடு ஏரியில் இருக்கும் தீவைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், இருபது கிலோமீட்டர். ஒரு சறுக்குவண்டிக்கு ஆறு நாய்கள். விருந்தினர் வண்டியின் பின்னால் நின்று ஓட்டுவார். தாங்கி முன்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பாள். எங்கள் வண்டியின் முன்னோடி நாய்க்கு விடுதியில் ஏதோ எண் இருந்தது. நான் வைத்த பெயர் பாதிரி. கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. பூசைக்குக் கிளம்பியவர் போலவே நடப்பார். மூன்று வருஷமாக அவருக்கு விழுந்த அடியெல்லாம் எனக்கும் விழுந்திருக்கிறது. அவருடைய இடது பின்னங்கால் குளிரில் குத்தும் என்பது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். சேணம் பூட்டும்போது என் இடது காலில்தான் வந்து சாய்ந்துகொள்வார்.

விடுதி மேலாளர் குகதாசன் கொடியை இறக்கினார். முதல் கிலோமீட்டரிலேயே சாட்டை என் முதுகில் ஆறு முறை இறங்கியது. பக்கத்து வண்டி முந்தப் பார்த்ததும் அவினாசியப்பன் எங்கள் வண்டியை அந்த நாய்களுக்குள் திருப்பினார். சேண வார்கள் சிக்கின. நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. வண்டியின் இரும்புச் சறுக்குச் சட்டம் ஒரு சாம்பல் நாயின் கழுத்தைப் பனியோடு சேர்த்து அறுத்துக்கொண்டு போனது. என் தொண்டை கிழிந்தது. கத்த முயன்றேன், கிழிந்த தொண்டையிலிருந்து சத்தம் வராது என்று உடம்பு நம்பிவிட்டது. நாற்பதடி தாண்டியதும் அந்த வலி பட்டென்று அறுந்தது. திரும்பிப் பார்த்தேன். பனி சிவந்திருந்தது. அந்த நாய் இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

“தெரியாம நடந்துபோச்சுங்க. எத்தனைங்க?”

“மூணு” என்றேன்.

தீவைத் தாண்டும் இடத்தில் பனிக்கட்டி வெடித்து, விரல் அகலத்தில் பிளவுகள் இருக்கும். அங்கே மெதுவாகப் போக வேண்டும். அவர் சாட்டையைச் சொடுக்கினார். பாதிரியின் இடது பின்னங்கால் பிளவுக்குள் இறங்கியது; மற்ற ஐந்து நாய்களும் வண்டியும் வந்த வேகத்தில் அந்தக் கால் முறிந்தது. என் கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாகி, ஒரு முனை தோலைக் குத்தியது. சத்தம்கூடக் கேட்டது.

வண்டி ஒரு நொடி தடுமாறியது. “என்னங்க ஆச்சு? எத்தனைங்க?”

நாலு என்று சொன்னேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு யோசித்தேன். ஏழுக்கு மேல் சொன்னால் புதன்கிழமை இல்லை. ரோஸ்லினுக்கு ஒன்பது வயதாகிவிடும். பாதிரி மூன்று காலில் ஓடினார். முறிந்த கால் ஒவ்வொரு அடிக்கும் பனியில் மோதியது. ஐந்து கிலோமீட்டர் நான் வாயைத் திறக்கவில்லை. எதை மறைத்தாலும் இதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

அதற்கு அடுத்த கிலோமீட்டரில் வண்டிச் சட்டத்தில் மூன்று முறை தட்டினேன். பிறகு கத்தினேன். “சார், நிறுத்துங்க! காலு ஒடிஞ்சிட்டு. ஒம்பது சார், ஒம்பது!”

“பொய் சொல்லப்புடாதுங்க” என்றார், குரலில் வருத்தத்தோடு. “அப்பவே கேட்டனுங்களே, நாலுன்னீங்க. கருவியிலயும் போட்டுட்டனுங்க. இப்ப ஒம்பதுன்னா எப்புடிங்க நம்பறது? கொஞ்சம் பொறுத்துக்கோங்க. செயிச்சுப்போடலாம்.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

எல்லைக் கோட்டுக்கு இருநூறு அடி இருக்கும்போது பாதிரி விழுந்தார். மற்ற வண்டிகள் இரண்டு எங்களைத் தாண்டிப் போயின. கோட்டருகே முன்பே வந்து சேர்ந்த விருந்தினர்களும் சமையல்காரர்களும் கை தட்டிக்கொண்டு நின்றார்கள். அவினாசியப்பன் இறங்கி வந்தார். “எந்திரீங்க, எந்திரீங்க” என்று நாயையும் மரியாதையாகவே சொல்லிக்கொண்டு, சாட்டையைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் முகத்தில் அடித்தார். என் தாடை உடைந்தது. இன்னொன்று. என் வலது கண் இருண்டது. பாதிரி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

வண்டியில் மீன் அடிக்கும் கட்டை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உடையாத என் கால் உடைந்த காலாக வலித்தது. அதன் மேலேயே நடந்தேன். அவருடைய இடது கணுக்காலுக்கு மேலே, சரியான இடம் பார்த்து, இரண்டு கையாலும் வீசினேன்.

அவர் எலும்பு முறிந்தது. சட்டப்படி என் காலும் மறுபடி முறிந்தது. அந்த வலி எனக்குப் பழக்கமானது. அங்கிருந்த அத்தனை பேரில் அதைத் தெரிந்து வைத்திருந்தவள் நான்தான். அவருக்கு அது புதிது. பனியில் புரண்டு அலறினார்.

“எத்தனை சார்?” என்று கேட்டேன்.

காலைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து விலகப் பார்த்தார்.

“நாலு. நாலுதான் சார்” என்றேன். தோளில் ஒன்று போட்டேன். என் தோள் இறங்கியது. வாயில் ஒன்று. அவர் பல் பனியில் தெறித்தது. என் வாய்க்குள் ரத்தமே இல்லாமல் ரத்தச் சுவை. ஒவ்வொரு அடியையும் முழுதாக வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். சுகமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தது.

குகதாசன் மூச்சிரைக்க ஓடிவந்தார். “அடிச்சது காணும் பிள்ளை, காணும்! நிப்பாட்டும்!” என்று கத்தினார். ஆனால் நாலடி தள்ளியே நின்றார். ஒரு விருந்தினர் துணிந்து என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவருடைய வலிமாற்று அனுமதி மீனுக்கும் நாய்க்கும்தான், மனிதருக்கு இல்லை. என் வலி அவர் கைக்கே போயிற்று. சுட்டது போல உதறிவிட்டார். அப்போதுதான் எனக்கே புரிந்தது. அடிக்காதே என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. அடித்தால் வலிக்கும் என்று மட்டுமே சொன்னது. வலி தாங்கக் கற்றுக்கொண்டவளை நிறுத்த அந்த ஏரியில் ஒருவராலும் முடியவில்லை.

பாதிரி முனகினார். அதைக் கேட்டுத்தான் நிறுத்தினேன். அவரருகே மண்டியிட்டு, வெள்ளைப் பட்டையில் கையை வைத்துக்கொண்டு, ஒரே அடியில் முடித்தேன். மண்டைக்குள் எல்லாம் வெள்ளையாகிப் பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது. அது பத்து. தலையை நிமிர்த்தியபோது மற்ற ஏழு தாங்கிகளும் வண்டிகளிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வண்டியிலிருந்த கட்டையை எடுத்து எடை பார்த்தாள். அவளுடைய விருந்தினர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

என்னை யாரும் தண்டிக்கவில்லை. அடித்தவருக்கு அடியின் வலியே தண்டனை என்று எழுதியிருந்த சட்டத்தில் அதற்குமேல் ஒரு வரி கிடையாது. குகதாசன் விடுவிப்புத் தாளை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தே தள்ளினார்.

“உம்மட பதிவில ஏழுக்கு மேல ஒண்டும் இல்லை” என்றார். “அந்த மனுசன் நாலெண்டுதான் பதிஞ்சு வைச்சிருக்கிறார். மூண்டு குளிர்காலமும் செல்லும். போயிட்டு வாரும்.” பேசும்போது என் கையை விட்டு அவர் பார்வை விலகவே இல்லை.

நான் அவரை அடித்ததை விருந்தினர்கள் எடுத்த படம் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. விமானத்தில் என் பக்கத்து இருக்கைகள் காலியாக வந்தன. மேட்டு நிலத்தில் தங்கை வீட்டு வாசலில் இறங்கியபோது தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. ரோஸ்லின் மட்டும் “எம்மா!” என்று ஓடிவந்தாள். எவ்வளவு உயரமாகிவிட்டாள்! கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினேன்.

அவள் சட்டென்று குனிந்து, முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து அவள்மேல் ஒரு கை ஓங்கப்பட்டதில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் அப்படிக் குனிகிற யாரையும் அவள் கண்டதில்லை. நாற்பது வருஷமாக உலகம் மறந்திருந்த அசைவு அது. அதை நான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டியிட்டேன். ரொம்ப நேரம் கழித்து முழங்கைக்கு மேலாக ஒரு கண் என்னைப் பார்த்தது.

“எம்மா, அழுதியா? வலிக்கா?”

“ஆமா புள்ள.”

“எத்தன?”

பாதியாக்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“பத்து” என்றேன்.