நீமி தாத்தா உட்கார்ந்த ஏரி

ஹார்வி ட்ரெந்த் டொரண்டோ நகரத்தில் ஜாம் டப்பாக்களுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தவர். ஒருநாள் அது அலுத்துப்போய், வடக்கே எங்கள் ஊருக்கு ரயிலேறி வந்துவிட்டார். இங்கே ஏரியையும் பாறையையும் வரைந்தார். நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மரப்பலகைகள்தான் அவருடைய படங்கள். எங்கள் வீடுகளில் ரொட்டி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு படம் கொடுப்பார்.

நாங்கள் பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நல்ல பலகை கிடைத்தால் சுவரில் மாட்டிவிட்டுச் சும்மா இருப்போமா? ஒரு வீட்டில் அது பால் வாளிக்கு மூடி. இன்னொரு வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கதவு.

அந்த இலையுதிர் காலத்தில் ட்ரெந்தின் படகு ஆற்றில் கவிழ்ந்தது. கோடை முழுவதும் வரைந்த படங்கள் தண்ணீரோடு போய்விட்டன. மறுநாள் பத்து வயது ஐலி ரொட்டி கொண்டுபோனபோது, அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க மாமா கிளம்பிட்டீங்க?”

“ஊருக்குத்தான். கண்காட்சிக்கு எட்டுப் படம் தர்றேன்னு சொல்லியிருந்தேன். நாளைக்கு ரயில்ல ஏத்தணும். கையில ஒண்ணுகூட இல்ல. இனிமே மறுபடி ஜாம் டப்பாதான்.”

ஐலிக்குப் பாவமாக இருந்தது. “எங்க வீட்டு மாவு டின் மேல ஒண்ணு இருக்கே.”

“அது உங்களுக்குக் குடுத்ததும்மா. குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது அசிங்கம்.”

ஐலி சுற்றிலும் பார்த்தாள். மூலையில் வரையாத பலகைகள் ஒரு கட்டாகக் கிடந்தன. எல்லாம் அதே அளவு.

“நீங்க கேக்க வேணாம் மாமா. நான் மாத்திக்கிட்டு வர்றேன்.”

பலகைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“பழைய மூடியைக் குடுங்க, புது மூடி வாங்கிக்கோங்க.”

“புதுசுக்குக் காசு எவ்வளவு?”

“காசெல்லாம் வேணாம் அத்தை.”

“அப்போ இன்னொண்ணும் குடுத்துட்டுப் போ.”

சாயங்காலத்துக்குள் ஏழு படங்கள் வந்துவிட்டன. ஒன்றைக் கோழி கொத்தியிருந்தது. எட்டாவது நீமி தாத்தாவிடம் இருந்தது. அவர் ஏரிக்கரையில் தனியாக இருப்பவர். தினமும் அந்தி நேரத்தில் தன் சவுனா என்னும் நீராவி அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆவியில் குளிப்பார். சூடான பெஞ்சு சுடாமலிருக்க, ட்ரெந்தின் பலகையைக் குப்புறப் போட்டு அதன்மேல் உட்காருவார்.

ஐலி கதவைத் தட்டினாள். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆவி பறக்க வெளியே வந்தார்.

“தர முடியாது போ. மூணு வருஷமா உக்காந்து உக்காந்து வழவழன்னு ஆக்கி வெச்சிருக்கேன். உன் புதுப் பலகை குத்தும்.”

“நான் நல்லாத் தேய்ச்சுத் தர்றேன் தாத்தா. அதோட அடிப்பக்கத்தைப் பாத்திருக்கீங்களா?”

“அடிப்பக்கத்துல என்ன இருக்கு?” முணுமுணுத்துக்கொண்டே பலகையை எடுத்துவந்து திருப்பினார். “நம்ம படகுத்துறை. ஆனா தண்ணி செவப்பா இருக்கு. இவருக்குக் கண்ணு சரியில்ல.”

“திரும்பி ஏரியைப் பாருங்க தாத்தா.”

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி முழுக்கச் சிவந்திருந்தது. நீமி தாத்தா பலகையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

“இந்த நேரத்துல நான் என்னிக்குமே உள்ளதானே இருந்திருக்கேன்” என்றார் மெதுவாக. பிறகு பலகையை மார்போடு சேர்த்துக்கொண்டார். “இப்போ தரவே மாட்டேன்.”

ஐலி யோசித்தாள்.

“விக்க வேணாம் தாத்தா. எல்லாரும் பாத்துட்டுத் திருப்பி அனுப்பட்டும். ‘நீமி குடுத்து அனுப்பினது’ன்னு கீழ எழுதச் சொல்றேன்.”

“பேரைச் சரியா எழுதுவாங்களா?”

“நானே எழுதித் தர்றேன்.”

மறுநாள் எட்டுப் படங்களும் ரயிலேறின. ட்ரெந்த் ஏறவில்லை, தகவல் வரட்டும் என்று கட்டிய பெட்டியோடு காத்திருந்தார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நான்கு படங்கள் விற்றிருந்தன. நீமி தாத்தாவின் ஏரியைத்தான் நிறையப் பேர் கேட்டார்களாம். ட்ரெந்த் பெட்டியைப் பிரித்து, வண்ணக் குழாய்களை வெளியே எடுத்தார்.

நீமி தாத்தா இப்போதெல்லாம் மத்தியானமே குளித்துவிடுகிறார்.