வெறும் நீரில் வந்தவள்

மந்தைவெளியில் அந்தச் சந்துக்குள் ஆட்டோ திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாய்மா துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டு, ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பழைய பங்களாவின் படியேறினாள். ஒரு காலத்தில் யாரோ வக்கீலின் வீடு. வாரிசுகள் வாடகைக்கு விட்டதில், வரவேற்பறையில் குளிர்பெட்டிகளும் படுக்கையறையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் குடியேறியிருந்தன.

பெயர்தான் வாயில் நுழையாதே தவிர, அது செய்வது தராசு வேலை. ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பொடிப்பொடியாக வெட்டி ஊசி வழியே அனுப்பினால், ஒவ்வொரு துணுக்கையும் எடை போட்டு, இது இன்ன புரதம், இவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். கர்ப்பிணிகளுக்குத் திடீரென்று ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, தாயும் பிள்ளையும் போய்விடுகிறார்களே, அந்த நோய் தலைகாட்டும் முன்பே ஏதாவது புரதம் அதைக் காட்டிக்கொடுக்கிறதா என்று தேடுவதுதான் சாய்மாவின் ஆராய்ச்சி. நீயே மாசமாக இருந்துகொண்டு இந்த வேலை எதற்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் யார் பேச்சைக் கேட்டாள்?

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்க" என்றான் ராகேஷ். வடபழனிக்காரன், இயந்திரத்தை ஓட்டுபவன். ஆயுத பூஜைக்கு அவன் வைத்த குங்குமம் இன்னும் அதன் நெற்றியில் இருந்தது. "பிளாங்க்ல இன்னாமோ கீது."

பிளாங்க் என்றால் வெறும் நீர். யாருடைய ரத்தத்தையும் ஏற்றுவதற்கு முன், சுத்தமான நீரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். திரையில் கோடு தட்டையாகக் கிடக்க வேண்டும். மிஞ்சிப்போனால் ஓட்டுபவரின் தோல் துகள் கொஞ்சம் தெரியும்.

"கையுறை போட்டியா, இல்லியா?"

"தோல் இல்ல மேடம். ரத்தம்."

சாய்மா குனிந்து பார்த்தாள். அல்புமின். எல்லார் ரத்தத்திலும் தாராளமாக இருக்கும் புரதம். ஆனால் அதன் ஒரு துணுக்கு மட்டும் வழக்கத்தைவிட எடை கூடியிருந்தது. மச்சம் மாதிரி பிறவியிலேயே வரும் சின்ன மாற்றம். அவள் ரத்தம் சேகரித்த அத்தனை பெண்களிலும் ஒரே ஒருத்திக்குத்தான் அது இருந்தது.

ஜைதூன் பீ.

ராயப்பேட்டையில் புர்காவுக்கு மணி தைப்பவள். நாலு மாதத்துக்கு முன்னால் பிரசவ வார்டில் ரத்தம் கொடுத்தபோது, "இத வச்சி என் புள்ள நல்லா கீதான்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரிந்தால் சொல்கிறேன் என்றாள் சாய்மா. ஜைதூன் சட்டென்று அவள் வயிற்றில் கை வைத்து, "உன் புள்ளைக்கும் துவா கேக்குறேம்மா" என்றாள். அப்போது சாய்மாவுக்கு வயிறே தெரியாது. கணவனைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவும் இல்லை.

ரத்தக் குப்பிகள் ஒரு பெட்டி நிறையும்வரை குளிரில் கிடக்கும். நிறைந்த பிறகுதான் மொத்தமாக ஓட்டுவார்கள். முறை வருவதற்குள் ஜைதூன் வலிப்பில் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை. போன மாதம் ஓட்டியபோது அவள் ரத்தம் ஆபத்தை அப்பட்டமாகச் சொன்னது. சொல்லி என்ன பயன்? அன்று முழுக்க சாய்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பழசு எங்கியோ ஒட்டிக்கினு இருக்கும். குழாய மாத்திட்டு மறுபடி ஓட்டு" என்றாள்.

மாற்றினான். கழுவினான். புது நீர், புதுக் குப்பி. வெளியே மழை வலுத்து, பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. இயந்திரத்துப் பம்பின் சத்தம் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கோடு மறுபடி எழுந்தது. முன்னைவிட உயரமாக.

அதே துணுக்கு. கூடவே இன்னொரு புரதம். கேசீன்.

"இது பால்ல இருக்கிறதாச்சே" என்றான் ராகேஷ். "டீ கீ தெறிச்சிருக்குமோ?"

"மாட்டுப் பால் இல்ல ராகேஷ்." துணுக்கின் எடையை இன்னொருமுறை பார்த்தாள். "தாய்ப்பால்."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ரசாயன நெடிக்கு அடியில், வெதுவெதுப்பாக, லேசான புளிப்போடு. பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையின் வாசனை. ராகேஷும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

பம்பின் சத்தம் ஒரு நொடி தடுமாறியது.

குப்பிகள் அடுக்கிய தட்டின் மேல் ஊசி நகர்ந்தது.

"நீ ஓட்டுனியா?"

"நான் கையே வைக்கல மேடம்."

நீர்க் குப்பியை ஊசி தாண்டியது. அடுத்த வரிசையைத் தாண்டியது. ஒவ்வொரு குப்பியின் மேலும் நின்று நின்று போனது. கடைசி மூலைக்கு வந்து, ஒரு குப்பிக்குள் மெல்ல இறங்கியது.

அது சாய்மாவின் ரத்தம்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத கர்ப்பிணியின் ரத்தமும் வேண்டும். ஆய்வகக்காரர்கள் அதற்காக ஊரெல்லாம் அலைவதில்லை, தங்கள் கையையே நீட்டிவிடுவார்கள். போன வாரம் சாய்மாவும் நீட்டினாள். நல்ல ஆரோக்கியம் என்று நினைத்துத் தன் ரத்தத்தையும் தயார்செய்து, இயந்திரத்தின் குளிர்த்தட்டிலேயே வைத்தாள். அதைத் தட்டு நிறைந்த பிறகு, அடுத்த மாதம் ஓட்டுவதாக இருந்தது.

முடிவு வரும்வரை இருவரும் திரையை விட்டு நகரவில்லை. வந்ததும் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜைதூனின் ரத்தம் சொன்னதையே அவள் ரத்தமும் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆட்டோ புடி" என்றாள், வயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு. "சீக்கிரம்."

அடையாற்று மருத்துவமனையில் ரத்தக்கொதிப்பைப் பார்த்த டாக்டரம்மா உடனே ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். அன்று சாயங்காலமே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் அழுதது. மயக்கம் தெளிந்து அந்த அழுகையைக் கேட்டபோது சாய்மா இறந்துபோன ஒருத்திக்கு மனசார நன்றி சொன்னாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழந்தை தேறி, தியாகராய நகரில் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்தது. ஒத்தாசைக்கு சாய்மாவின் அக்கா நஸ்ருன்னிசா வந்து தங்கினாள். சாய்மாவுக்கோ பால் ஊறவே இல்லை. புட்டிப் பாலைக் குழந்தை நாக்கால் தள்ளித் துப்பியது. ஆனாலும் வாரத்துக்கு வாரம் எடை ஏறியது.

"தாய்ப்பால் நல்லா சேருது. வேற எதுவும் குடுக்காதீங்க" என்றார் குழந்தை டாக்டர். சாய்மா தரையைப் பார்த்தாள்.

மதியம் கண்ணயர்ந்து விழிக்கும்போதெல்லாம் அறையில் அந்த வாசனை இருந்தது. குழந்தையின் உதடு வெள்ளையாக நனைந்திருக்கும். சுவரோரத்துப் பக்கம் விரிப்பு வெதுவெதுப்பாகக் குழிந்திருக்கும்.

ஒருநாள் அந்த உதட்டைப் பஞ்சால் ஒற்றி எடுத்து ராகேஷுக்குக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் அவன் போன் செய்தான்.

"தாய்ப்பால்தான் மேடம்." குரலைத் தாழ்த்தினான். "அந்தத் துணுக்கும் கீது. இன்னொருவாட்டி இத ஓட்டச் சொல்லாதீங்க."

ரத்தத்தில் இருக்கும் அல்புமின் பாலிலும் இறங்கும் என்பது சாய்மாவுக்குத் தெரியும். சமையலறைக்குப் போய், "ஏன்க்கா, புள்ளைக்கு வேற ஒருத்தி பால் குடுத்தா?" என்று கேட்டாள்.

"அவளும் தாய்தான்டி. நம்ம மார்க்கத்துல பால் குடுத்தவளுக்கும் புள்ள மேல உரிமை உண்டு" என்றாள் நஸ்ருன்னிசா, வெங்காயம் நறுக்கியபடியே. "ஏன் கேக்குற?"

சாய்மாவுக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. பெற்றவள் அவள். பசியாற்றுகிறவள் வேறொருத்தி.

கணவன் ஹம்மாத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பாதி நம்பினான், பாதி பயந்தான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்துவந்து ஓதி, அறை முழுக்கத் தண்ணீர் தெளிக்கச் செய்தான். வாசனை போய்விட்டது. விரிப்பு காய்ந்து கிடந்தது. சாய்மா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

குழந்தை பாலை மறுத்தது.

புட்டியை வைத்தால் வாயை இறுக்கிக்கொண்டது. சங்கில் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. மூன்றாம் நாள் உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. மருத்துவமனையில் மூக்கு வழியே குழாய் விட்டு ஊற்றியதையும் கக்கியது. ஐசியூவில் வைக்க வேண்டும், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள்; பணம் புரளும்வரை குழந்தையை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். அழுதால் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் கோணியது.

மதியம். ஹம்மாத் பணம் புரட்டப் போயிருந்தான். மின்சார ரயில் ஒன்று தடதடத்துப் போய் ஓய்ந்தது. சாய்மா குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். சுவரோரமாக இடம் விட்டு, விரிப்பைச் சரிசெய்தாள். ஹஜ்ரத் ஓதிக் கட்டிய கயிற்றைக் குழந்தையின் கையிலிருந்து அவிழ்த்தாள்.

"வா" என்றாள், அந்த வெற்றிடத்தைப் பார்த்து.

எதுவும் அசையவில்லை. அங்கே நின்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படியிறங்கி ஓடினாள்.

திரும்பி வந்தபோது கூடத்தில் நஸ்ருன்னிசா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"நீ எப்ப வெளிய போன?"

"ஏன்க்கா?"

"இப்பதானே உள்ள படுத்து பால் குடுத்துக்கினு இருந்த. முதுகு தெரிஞ்சுது. காத்து அடிக்குதேன்னு நான்தானே கதவ சாத்திட்டு வந்தேன்."

சாய்மா கதவுக் குமிழில் கை வைத்தாள்.

உள்ளே மடக் மடக்கென்று குழந்தை விழுங்கும் சத்தம். மூன்று நாளாக அவள் கேட்கத் தவித்த சத்தம். கண்ணில் நீர் முட்ட அப்படியே நின்றாள்.

சத்தம் நின்றது.

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. வெறுங்கால்கள் தரையில் நடந்து, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன.

"என் புள்ள நல்லா கீதும்மா" என்றது ஒரு குரல், ரகசியமாக. "சத்தம் போடாத. இப்பதான் தூங்குது."