ஐந்தரை மணிக்கு நிற்கும் தறிகள்

கனிமொழி எப்படி விழுந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் பாசி பிடித்திருந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவளுக்குக் கால் வழுக்கிவிட்டது. பின்தலை சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் மோதியது. ரத்தம் வரவில்லை. ஆனால் இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்லை. மூளை லேசா குலுங்கியிருக்கு. முழுசா சரியாக சில வாரம் ஆகும். டி.வி., போன் வேண்டாம். பாதி நாள் மட்டும் பள்ளிக்கூடம் போகட்டும். தினமும் ஒரு மணி நேரமாவது சத்தமே இல்லாம ஓய்வு எடுக்கணும்" என்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. வீக்கம் வற்றிவிட்டது. தலைவலி மட்டும் போகவில்லை. வெயிலைப் பார்த்தால் அவளுக்குக் கண் கூசும். பேசிக்கொண்டே இருப்பாள். திடீரென்று, "சுபத்ரா, நான் இன்னா சொல்லிகினு இருந்தேன்?" என்று என்னையே கேட்பாள். நான் எதிர்வீடு. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு.

வகுப்பில் எழிலரசன் சும்மா இருக்க மாட்டான். "கட்டு இல்ல, தையல் இல்ல. லீவு மட்டும் பாதி நாள்! எந்த இடத்துல விழுந்தே? எனக்கும் காட்டு" என்றான்.

"வா, காட்டறேன். வாந்தியும் சேர்ந்துதான் கிடைக்கும், பரவாயில்லையா?" என்றாள் கனி.

வகுப்பே சிரித்தது. மதியம் அவளை வீட்டில் விடப் போனபோது வழியில் அவள் அழுதாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கனியின் அம்மா கமலம் அத்தை டாக்டர் சொன்னதை அப்படியே செய்தார். டி.வி.க்குத் துணி போட்டு மூடினார். கனி பள்ளிக்குப் போன பிறகுதான் மிக்ஸி ஓடும். தன் கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார். குக்கர் விசில் அடித்தால் அதைப் பார்த்து முறைப்பார்.

அப்போதுதான் அமாவாசை வந்தது.

எங்கள் சந்தில் ஐந்து வீடுகள். என் அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. மற்ற நான்கு வீட்டிலும் பட்டுத்தறி. அமாவாசை என்றால் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆரணியில் நெசவுக்காரர்களுக்கு அதுதான் விடுமுறை.

அன்று சனிக்கிழமை. கனி காலையிலிருந்து மாலைவரை தெளிவாக இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை முழுதாகப் படித்தாள். தலை வலிக்கவே இல்லை!

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் அத்தைக்கு ஒரே பெருமை. "நான் பூசணிக்கா சுத்திப் போட்டேன் பாரு, திருஷ்டி ஓடியே போச்சு!"

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைவலி திரும்பி வந்துவிட்டது.

"பூசணிக்கா சின்னதா போச்சு. அடுத்த அமாவாசைக்குப் பெருசா வாங்கணும்" என்றார் ரங்கம்மாள் அத்தை.

கனியின் அப்பா சம்பந்தம் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை சந்தவாசல்லேர்ந்து உன் மாமா வரட்டும். மூணு மாசம் அங்கேயே இருந்து படி. காத்து மாறினா சரியாவும்."

கனி என் கையை இறுகப் பிடித்தாள். வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம். அங்கே நானும் இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சுபத்ரா, நேத்து நம்ம சந்துல எது இல்ல?"

"பூசணிக்காய்தான் இருந்துச்சே..."

"அய்ய, பூசணிக்காய விடுடீ! எது இல்லன்னு கேட்டேன்."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சடக், டக். சடக், டக். நான்கு வீட்டிலிருந்தும் வந்தது.

"தறி!" என்றேன்.

மிக்ஸியை நிறுத்திய கமலம் அத்தைக்கு இது தோன்றவில்லை. டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்த சம்பந்தம் மாமாவுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பிறந்ததிலிருந்து கேட்கிறோம். எங்களுக்குத் தறி ஒரு சத்தமாகவே படவில்லை.

"வா, உங்கப்பாகிட்ட சொல்லலாம்" என்று எழுந்தேன்.

"உக்காரு. சொன்னா அப்பா இப்பவே தறிய நிறுத்திடுவாரு. கையில கல்யாணப் புடவை இருக்கு. எனக்கு வேண்டியது ஒரு மணி நேரம்தான். அதுக்கு யாரோட வேலையும் கெடக் கூடாது."

தலை வலிக்கும்போதும் இப்படி யோசிக்கிறாளே என்று நான் வாயைப் பிளந்தேன். "வாயை மூடிட்டு நோட்டை எடு. எனக்கு எழுதினா தலை சுத்தும். நீ எழுது" என்றாள்.

நான்கு நாள் மாலை நேரங்களில் வாசலில் உட்கார்ந்து குறித்தோம். சம்பந்தம் மாமா மூன்றரைக்குத் தறியை நிறுத்துவார். டீ குடித்து, முதுகை நீட்டி, நாலரைக்குத்தான் திரும்ப உட்காருவார். நாலரைக்குக் கடைசி வீட்டு அன்பரசு அண்ணன் நிறுத்துவார். ஐந்தரைக்கு மூலை வீட்டுக் கமலக்கண்ணன் மாமா. ஆறரைக்கு ரங்கம்மாள் அத்தை. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம்.

கனி நோட்டை எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரிலே ரேஸ் ஓடறாங்கடீ! ஒருத்தர் நிறுத்தறதுக்குள்ள இன்னொருத்தர் உக்காந்துடறாங்க. நாலு பேரும் ஒரே நேரத்துல நிறுத்தினா போதும்."

வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினோம். முதலில் கமலக்கண்ணன் மாமா. கனி விஷயத்தைச் சொன்னாள்.

"செய்யலாம் கண்ணு. ஆனா ஐந்தரைக்கு முன்னாடி மட்டும் என்னால முடியாது."

"ஏன் மாமா?"

"கடையில போண்டா ஐந்தரைக்குத்தான் சூடா எறங்கும். முன்னாடி போனா காலையில போட்டதைக் கட்டிக் குடுத்துடுவான்."

நான் சிரித்துவிட்டேன். கனி சிரிக்கவில்லை. "போண்டாவை மாத்த முடியாது. அப்ப மத்தவங்களை ஐந்தரைக்கு மாத்தணும். எழுதிக்கோ" என்றாள்.

அடுத்தது அன்பரசு அண்ணன். அவருக்குத் தை மாதம் கல்யாணம்.

"நாலரைக்கு எனக்கு ஒரு போன் வரும்மா" என்று நெளிந்தார்.

"அண்ணா, மூணு தறி ஓடும்போது அந்த அக்கா பேசறது உங்களுக்குக் கேக்குமா?"

"பாதி கேக்காது. எல்லாத்துக்கும் சரி, சரின்னு சொல்லிடுவேன்."

"எதுக்கெல்லாம் சரின்னு சொல்லியிருக்கீங்களோ! ஐந்தரைக்குப் பேசினீங்கன்னா சந்தே அமைதியா இருக்கும். ஒரு வார்த்தை விடாம கேக்கலாம்."

அண்ணன் முகம் மாறியது. "நாளையிலேர்ந்தே ஐந்தரை!" என்றார்.

ரங்கம்மாள் அத்தை மட்டும் யோசித்தார். "ஆறரைக்கு நான் விளக்கேத்தணுமே?"

"விளக்கேத்த ரெண்டு நிமிஷம் அத்தை. மீதி நேரம்?"

அத்தை டி.வி.யைப் பார்த்தார். நாங்களும் டி.வி.யைப் பார்த்தோம்.

"சரி, சரி. சீரியலை என் பொண்ணு போன்ல காட்டுவா. போண்டா மட்டும் எனக்கும் ரெண்டு வாங்கியாரச் சொல்லு."

கடைசியாகத்தான் அப்பாவிடம் போனாள். நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

சம்பந்தம் மாமா தறியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தறியா? இது சத்தமா?" என்றார். "இவ்ளோ நாளா நானேதான் உன் தலையில அடிச்சிகினு இருந்தேனா? இப்பவே நிறுத்திடறேன் கண்ணு."

"இப்படிச் சொல்லுவீங்கன்னுதான் உங்ககிட்ட கடைசியா வந்தேன். நிறுத்த வேணாம்ப்பா. உங்க டீயை ஐந்தரைக்குக் குடிங்க, போதும். மாமாவை ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் பாக்கலாம். சரியாவலன்னா நான் சந்தவாசல் போறேன்."

சனிக்கிழமை ஐந்தரைக்கு நான்கு தறிகளும் நின்றன. எங்கள் சந்தில் அமாவாசை இல்லாத நாளில் காக்கை கத்துவதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். கனி பாயில் படுத்துக் கண்ணை மூடினாள். நெற்றிச் சுருக்கம் மெல்ல மறைந்தது.

எல்லா நாளும் நன்றாகப் போகவில்லை. நடுவில் ஒரு நாள் எங்கோ மைக் செட் கட்டிவிட்டார்கள். அன்று அவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, என்மேலும் எரிந்து விழுந்தாள். மறுநாள், "நேத்து பேசினது நான் இல்ல, மைக் செட்டு" என்றாள்.

ஆனால் வாரம் முடிவதற்குள் பத்து நிமிடம் படித்தவள் இருபது நிமிடம் படித்தாள். மறுபடி காட்டியபோது டாக்டர் நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "யாரும்மா இந்த ஏற்பாட்டைச் செஞ்சது?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சந்தவாசல் மாமாவுக்கு, 'வர வேண்டாம்' என்று போன் போய்விட்டது.

இன்னும் ஐந்து வாரம் போனது. ஒருநாள் தறிகள் நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது. எல்லாரும் வாசலில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தோம். கனி கணக்குப் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரும் தறி போடுங்க! சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் தூக்கமா வருது. நாளைக்குப் பரீட்சை!"

சம்பந்தம் மாமா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"உனக்குச் சரியாப் போச்சு, சந்தோஷம். அதுக்காக?" என்றார் ரங்கம்மாள் அத்தை, வாயில் போண்டாவோடு. "எங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. நீயும் உக்காந்து ஒண்ணு சாப்பிடு."

கனி என்னைப் பார்த்தாள். கணக்குப் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, போண்டாவுக்குக் கை நீட்டினாள்.