ராமாயியின் வாக்குமூலம்

நன்னிலத்துக்கு வெளியே மூடிக் கிடந்த அரிசி ஆலையைத்தான் காவலர் பயிற்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஐப்பசி மழை. நாகூரிலிருந்து நான் போய் இறங்கியது பிற்பகல்தான். ஆனாலும் வானம் அப்படி இருட்டியிருந்ததால் கூடத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ‘கைதுச் சட்டம்: வழக்கறிஞர் அனீஸா’ என்று கரும்பலகையில் யாரோ என் பெயரோடு அழகாக எழுதி வைத்திருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஊறிப்போன நெல்லின் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

“மில்லு இன்னும் ஓடுதா சார்?”

“நின்னு ஆறு வருஷமாச்சு மேடம்,” என்றார் பயிற்சிக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் தியாகேசன். “நெல் ஊறப்போடுற தொட்டியெல்லாம் மண்ணைப் போட்டு மூடி, மேல டைல்ஸ் ஒட்டியாச்சு. மழைக்கு ஏதோ வாடை வருது. டீ சாப்பிடுங்க.”

நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

வகுப்பில் ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பொழுது சாய்ந்தபின் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் பெண்ணைக் கைது செய்யக் கூடாது, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இதெல்லாம் போலீஸ் போடும் பிச்சை இல்லை, அரசியல் சட்டம் கொடுத்த உரிமை என்றேன்.

கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தியாகேசன் சிரித்தார்.

“எழுதிக்கங்கப்பா, பரீட்சைக்கு வரும். ஸ்டேஷனுக்குப் போனப்புறம் வேற பாடம். அடிச்சா வெளியில தெரியக் கூடாது. அவ்வளவுதான்.”

வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தச் சிரிப்பைக் கோர்ட் வராண்டாவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! பிள்ளையின் பிணத்தை வாங்க வந்து நிற்கிற தாய்க்குப் பின்னால்கூடக் கேட்டிருக்கிறேன்.

“சரி, செஞ்சு பாத்துருவோம்,” என்று இரண்டு பெண்களை முன்னால் கூப்பிட்டேன். நடிப்பில் ரோஹிணி போலீஸ். திருப்பனந்தாளிலிருந்து வந்திருந்த செவ்வந்தி திருட்டுக் கேஸில் பிடிபட்டவள். “அவ உன்னைக் கைது பண்றா. உன் உரிமையைக் கேளு,” என்றேன்.

ரோஹிணி அவள் தோளில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

உள்ளங்கை நனைந்திருந்தது.

செவ்வந்தியின் காக்கிச் சட்டை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. குனிந்த தலையிலிருந்தும் விழுந்தது. புளித்த வாடை கூடம் முழுக்கப் பரவியது.

“எதுக்குன்னு யாருமே சொல்லலையேம்மா.”

அது செவ்வந்தியின் குரல் இல்லை. வயதான, வெயிலில் காய்ந்த குரல்.

யாரோ ஒரு பையன் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“எம் மவளுக்காச்சும் சொல்லி அனுப்புங்கய்யான்னு கும்பிட்டேன்.”

விளக்குகள் அணைந்து, ஜன்னலின் மங்கல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. பின்னாலிருந்து நாற்காலி கிறீச்சிட்டது.

“ஏய்! யாருடி உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?” தியாகேசனின் குரல் உடைந்திருந்தது.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கேட்க வேண்டும்.

“உங்க பேரு என்னம்மா?”

“ராமாயி.”

“யாரு கூட்டிட்டு வந்தது?”

திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் கையை நீட்டினாள். நீட்டிய விரலுக்கு நேரே தியாகேசன் நின்றார்.

“நடவுக்குப் போற வீட்டுல செயினைக் காணுமாம். வெளக்கு வச்சப்புறம் ஜீப்புல ஏத்துனாங்க. டேசன்ல கேமரா இருக்குன்னு இங்க கொண்டாந்தாங்க. நான் எடுக்கலைன்னு சொல்லச் சொல்ல, மழத்தண்ணி நின்ன தொட்டியில தலையப் புடிச்சு அமுக்குனாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் எந்திரிக்கலம்மா.”



“இப்ப எங்க இருக்கீங்க?”

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் காலடியைப் பார்த்தாள்.

நான் பின்னால் நகர்ந்தேன்.

“கிளாஸ் முடிஞ்சுது! எல்லாரும் வெளிய போ!” என்று தியாகேசன் கத்தினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “இந்தத் தரையை எவனாவது தோண்டுனா தொலைச்சுப்புடுவேன்!”

தோண்டுவதைப் பற்றி அங்கே யாருமே பேசியிருக்கவில்லை.

விளக்கு வந்தது. செவ்வந்தி ரோஹிணியின் மடியில் சுருண்டு விழுந்தாள். அவள் சட்டை உலர்ந்திருந்தது. கரும்பலகைக்குக் கீழே, நான் நின்ற டைல்ஸில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது.

முன் வரிசையிலிருந்த ஜாஹித் ஓடிப் போய்க் கடப்பாரையோடு வந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். அதைப் பிடுங்கி நானே அந்தத் தரையைப் பிளக்க வேண்டும், பிளந்துவிட்டு அந்த ஆளின் மண்டையையும் பிளக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அல்லா சாட்சி, அப்படித்தான் இருந்தது.

“வேணாம் தம்பி. மாஜிஸ்திரேட் வரட்டும். இவன் தப்பிக்க நாமளே கேஸுல ஓட்டை போட்டுத் தரக் கூடாது.”

ஆவி சொன்னதை எந்தக் கோர்ட்டும் ஏற்காது. ஆனால் தியாகேசன் வாயால் வந்ததை நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட்டுக்குப் போன் செய்தேன். தியாகேசன் ஜீப்புக்குப் போகப் பார்த்தார். பயிற்சிக் காவலர்கள் அவரைத் தொடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் தரையை உடைத்தார்கள். கண்ணாடி வளையல்கள் முதலில் வந்தன. பிறகு நரைத்த முடி. ராமாயியின் மகள் கரும்பலகையில் முதுகைச் சாய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தாயைத் தேடி அவள் ஸ்டேஷனுக்குப் போனபோது, “உங்கம்மா எவன் கூடவோ ஓடிட்டா, போ” என்று அனுப்பியிருந்தார்களாம். மூன்று வருஷம் ஊராரும் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

தியாகேசனைக் கைது செய்தார்கள். காரணம் சொன்னார்கள். மனைவிக்குப் போன் போட்டார்கள். வக்கீலைப் பார்க்க விட்டார்கள். உடம்பில் காயம் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தார். தண்ணீர் கேட்டபோது தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாம் சட்டப்படி. எல்லாம் சரி. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. இதில் ஒன்று, ஒரே ஒன்று ராமாயிக்குக் கிடைத்திருந்தால் அவள் இன்றைக்கு நாற்று நட்டுக்கொண்டிருப்பாள்.

பயிற்சி முடிந்து செவ்வந்திக்குக் கடற்கரையோரம் ஒரு ஸ்டேஷனில் வேலை. போன வாரம் போனில் கூப்பிட்டாள்.

“நேத்து எங்க எஸ்.ஐ. இருட்டுனப்புறம் மீன் விக்கிற பொம்பளை ஒருத்திய அள்ளிட்டு வரக் கெளம்புனாரு மேடம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம நான் வர மாட்டேன்னுட்டேன். கெட்ட வார்த்தையில திட்டிட்டு, தானே ஜீப்புல ஏறிச் சாவியத் திருப்புனாரு.”

“அப்புறம்?”

“பின்சீட்டுலேருந்து ஒரு வயசான பொம்பளைக் குரல். ‘போங்கய்யா, நானும் வர்றேன்’னு. அவரு எறங்கி ஓடியே போயிட்டாரு.”

“பின்னால யாரு இருந்தது?”



“டார்ச் அடிச்சுப் பாத்தேன் மேடம். யாருமில்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “ஆனா சீட்டு அமுங்கியே இருந்துச்சு.”